ரிப்பீட்டர் ரிசீவர்ல இரைச்சலா? மொதல்ல டிரான்ஸ்மிட்டர ஆஃப் பண்ணிப் பாருங்க

ரிப்பீட்டர்ல (ஒரு ஃப்ரீக்வென்சில கேட்டத அதே நேரம் இன்னொரு ஃப்ரீக்வென்சில திருப்பி அனுப்பற ரேடியோ ஸ்டேஷன்) வீக் சிக்னல் வரும்போது கரகரன்னு இரைச்சல் ஏறுதுன்னா உடனே ரிசீவர கழட்டாதீங்க, பாவம் அது மேல தப்பு இருக்காது பல நேரம். யாரையாவது தூரத்துலேர்ந்து கம்மி பவர்ல பேசச் சொல்லி, ரிசீவரோட லோக்கல் ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டே டிரான்ஸ்மிட்டர ஆன் பண்ணி ஆஃப் பண்ணிப் பாருங்க. ஆஃப்லயும் இரைச்சல் அப்படியே இருந்தா பெரும்பாலும் வெளியேர்ந்து வருது, பக்கத்துல இருக்கற ஸ்விட்சிங் பவர் சப்ளை, எல்இடி லைட்டு இதையெல்லாம் ஒண்ணொண்ணா அணைச்சுப் பாருங்க.

ஆன் பண்ணா மட்டும் வருதுன்னா அது டீசென்ஸ், அதாவது நம்ம டிரான்ஸ்மிட்டரே ரிசீவரோட காத மந்தமாக்குது. இங்கதான் வேலையே. 2 மீட்டர் ஹாம் ரேடியோ பேண்ட்ல ரிசீவ், டிரான்ஸ்மிட் ரெண்டு ஃப்ரீக்வென்சிக்கும் நடுவுல வழக்கமா வெறும் 600 கிலோஹெர்ட்ஸ்தான், அதனால டியூப்ளெக்சர் (ரெண்டும் ஒரே ஆன்டெனாவுல ஓட, ஒண்ண ஒண்ணு தொடாம பிரிக்கற ஃபில்டர்) டியூனிங் லேசா நகந்தாலே டிரான்ஸ்மிட்டரோட நாய்ஸ் ரிசீவருக்குள்ள வந்துடும். ஆன்டெனாவ கழட்டி டியூப்ளெக்சர்ல நல்ல டம்மி லோட (ஆன்டெனாவுக்குப் பதிலா பவர வாங்கிக்கற சுமை) மாட்டி, சிக்னல் ஜெனரேட்டர்லேர்ந்து கப்ளர் (சிக்னல கொஞ்சமா மட்டும் உள்ள விடற இணைப்பு) வழியா வீக் சிக்னல் குடுத்து அதே டெஸ்ட பண்ணுங்க (ஜெனரேட்டர நேரா மாட்டிடாதீங்க, புகைதான் வரும்). இப்ப இரைச்சல் போயிடுச்சுன்னா ஆன்டெனா, ஃபீட்லைன், கனெக்டருக்குள்ள தண்ணி, டவர்ல துருப்பிடிச்ச ஜாயின்ட்டுன்னு மேல தேடணும். போகலைன்னா டியூப்ளெக்சர், ஜம்பர் கேபிள்.

எல்எம்ஆர்-400 மாதிரி அலுமினியம் ஃபாயில் மேல செம்புப் பின்னல் இருக்கற கேபிள ரிப்பீட்டருக்குப் போடாதீங்க, ரெண்டு உலோகமும் உரசி நாளடைவுல அதுவே நாய்ஸ் கிளப்பும். டபுள் ஷீல்டு ஆர்ஜி-214 போடுங்க. எதையும் மாத்தறதுக்கு முன்னாடி டிரான்ஸ்மிட் ஓடும்போது ஒவ்வொரு கனெக்டரையும் லேசா ஆட்டி, தட்டிப் பாருங்க, படபடன்னு சத்தம் மாறுச்சுன்னா ஆளு அதுதான்.