கோவுக்கு ஏன் வென்ட்? ஆங்கில வினைச்சொல்லின் பூர்வீகத்தை நீங்களே தேடுவது எப்படி

'கோ, வென்ட், கான்' என்று ராகம் போட்டு மனப்பாடம் செய்தவர்கள் நாம். வாக் என்றால் வாக்ட், டாக் என்றால் டாக்ட். கோ மட்டும் எப்படி வென்ட் ஆகிறது? இலவச அகராதிகளை வைத்தே இதற்கு விடை தேடிவிடலாம். போனை விடக் கணினி வசதி. நாலைந்து அகராதிகளை ஒரே நேரத்தில் திறந்து வைக்க வேண்டிவரும்.

ஒரு சின்ன ஏற்பாடு: இந்தப் பதிவில் 'வெண்ட்' என்று ண் போட்டிருந்தால் ஆங்கிலத்தில் டி எழுத்தில் முடிகிற சொல். 'வென்ட்' என்று ன் போட்டிருந்தால் டீ எழுத்தில் முடிவது, அதாவது நம் பள்ளிக்கூட வென்ட்.

படி 1: எடிமான்லைனில் ஆரம்பியுங்கள்

டக்ளஸ் ஹார்ப்பர் என்பவர் உருவாக்கிய சொற்பிறப்பு அகராதி இது. சுருக்கமாக, புரிகிற மாதிரி இருக்கும். விக்சனரியில் தகவல் இதைவிட அதிகம். ஆனால் புதிதாக வருபவரை அதன் நீளமே விரட்டிவிடும். அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

'கோ' என்று தேடினால் பழைய ஆங்கில வடிவம் ஜி-ஏ-என் என்று வரும். கூடவே ஜெர்மன், டச்சு வடிவங்களும் வரும். அவை கோவுக்கு உடன்பிறப்புகள், பெற்றோர் அல்ல. முன்னால் நட்சத்திரக் குறி இருக்கும் வடிவம் எந்த ஏட்டிலும் கிடைத்ததல்ல. உறவு மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் ஊகித்தது.

படி 2: வென்ட்டைத் தனியாகத் தேடுங்கள்

கோவின் வரலாற்றை எவ்வளவு தோண்டினாலும் வென்ட் பிறந்த இடம் அங்கே இல்லை. அது 'வெண்ட்' என்ற வேறொரு வினையின் இறந்தகாலம். செண்ட் – சென்ட், ஸ்பெண்ட் – ஸ்பென்ட், லெண்ட் – லென்ட் வரிசையில் வைத்துப் பாருங்கள், வெண்ட் – வென்ட் கச்சிதமாக உட்காரும்.

அந்த வெண்ட்டுக்குப் பழைய பொருள் 'திருப்பு'. மோட்டார் காயிலுக்கு வைண்டிங் செய்கிறோமே, அந்த வைண்ட்டின் பிறவினை வடிவம்தான் இது. நம் 'திரும்பு – திருப்பு' மாதிரி. தன்னைத் திருப்பிக்கொண்டான், அந்தப் பக்கம் கிளம்பினான், போனான் என்று பொருள் நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

சரி, அதற்கு முன் கோவுக்கு இறந்தகாலம் இல்லையா? இருந்தது: இ-ஓ-டி-இ. வேடிக்கை என்னவென்றால், அதுவும் கோவின் வேரிலிருந்து வந்ததல்ல. அந்த இரவல் சொல் தேய்ந்துபோக, 1500 வாக்கில் வென்ட் அந்த இடத்தை முழுசாகப் பிடித்துக்கொண்டது. வெண்ட் தனக்கு வெண்டெட் என்று புது இறந்தகாலம் செய்துகொண்டது.

படி 3: பழைய வாக்கியங்களில் சரிபாருங்கள்

பலரும் கைவிடுவது இங்கேதான், கொஞ்சம் பொறுமையாக வாருங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதி இணையத்தில் இலவசம். ஆனால் இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் ஒன்றும் வராது, அல்லது சம்பந்தமில்லாத சொல் வந்து நிற்கும். அக்காலத்து வினைச்சொற்களின் தலைச்சொல் பெரும்பாலும் என் எழுத்தில் முடியும். அதனால் கோவுக்கு ஜி-ஓ-என் என்றும், வெண்ட்டுக்குக் கடைசியில் இ-என் சேர்த்தும் தேட வேண்டும்.

அதற்கும் முந்தைய பழைய ஆங்கிலத்துக்குப் போக பாஸ்வொர்த்–டாலர் அகராதி. பிராகாவின் சார்லஸ் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் வெண்ட்டுக்கு ஏ-என் சேர்த்துத் தேடுங்கள்.

மேற்கோள் வரிகளில் 3 என்ற எண் போல ஓர் எழுத்து நடுநடுவே வரும். அச்சுப்பிழை இல்லை. யோக் என்ற பழைய எழுத்து. சொல்லின் முதலில் வந்தால் பெரும்பாலும் 'ய' என்று வாசிக்கலாம்.

படி 4: பொருள்களை வயது வாரியாக அடுக்குங்கள்

இதற்கு ஆக்ஸ்போர்டின் பேரகராதியே சிறந்தது. 1884 முதல் பகுதி பகுதியாக வந்து 1928இல் முடிந்த நூல். ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டோடு எடுத்துக்காட்டு இருக்கும். சந்தா கட்ட வேண்டும். முடியாதவர்களுக்கு மெரியம்-வெப்ஸ்டர் போதும், அதுவும் பழைய பொருளை முன்னால் வைக்கும். மாணவர் அகராதிகள் இதற்கு ஆகாது. அதிகம் புழங்கும் பொருளையே முதலில் போடுவார்கள்.

இப்படி அடுக்கினால், குதிரையில் போகாமல் 'நடந்து போ' என்ற பொருளும் கோவுக்கு ஒருகாலத்தில் இருந்தது தெரியும். 'ஐ ஆம் கோயிங் டு ஈட்' என்பதில் யாரும் எங்கும் போவதில்லை. போவதைச் சொன்ன சொல் வருங்காலத்தைச் சொல்லப் பழகிவிட்டது. 'டூ இயர்ஸ் அகோ'வில் வரும் அகோவுக்குள்ளும் இதே கோ ஒளிந்திருக்கிறது. 'கழிந்துபோன' என்று பொருள்.

பிற்சேர்க்கை: தன் குழந்தை 'கோ'வோடு 'எட்' சேர்த்துச் சொல்கிறது, திருத்துவதா என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். தேர்வுக்குத் திருத்தித்தான் ஆக வேண்டும். ஆனால் ஸ்காட்லாந்தில் பெரியவர்களே அதைச் செய்திருக்கிறார்கள்: தங்கள் வழக்கில் கோவுக்கு 'கே' என்று சொல்லி, இறந்தகாலத்துக்கு அதிலேயே டி சேர்த்து 'கேட்' என்றார்கள்.

இன்னொருவர் 'பி' என்ற வினையை இதே வழியில் தேடி, ஆம், வாஸ் எல்லாம் எங்கே என்று தெரியாமல் நின்றுவிட்டார். அங்கே மூன்று வேர்கள் கலந்திருக்கின்றன. பி, ஆம், வாஸ் மூன்றையும் தனித்தனியாகத் தேடுங்கள்.