பல வருடம் கழித்து மீண்டும் பனிச்சறுக்கு: கூட வருபவருக்கு இதுதான் முதல் தடவை என்றால்

வெளிநாட்டில் படித்த காலத்தில் பனிச்சறுக்கு பழகியவர் அக்கா. பனியை டிவியில் மட்டுமே பார்த்தவர் தம்பி. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து இருவரும் ஜப்பான் போகப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தம்பியைப் பற்றி எல்லாரும் கவலைப்படுவார்கள். அக்காவையும் கவனிக்க வேண்டும். அவர் தலைக்கு அந்தப் பழைய வேகம் ஞாபகம் இருக்கும், தொடைக்கு இருக்காது.

ஆறு வாரத்துக்கு முன்: தொடை

சறுக்கும்போது தொடைத்தசை நீண்டபடியே உடல் எடையைத் தாங்குகிறது. படி இறங்கும்போதும் அதே வேலைதான். பத்துமலையின் 272 படிகளில் ஏறினால் மூச்சுக்குப் பயிற்சி, இறங்கினால் தொடைக்குப் பயிற்சி. ஊரில் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் மேடு போதும். ஓர் அடிக்கு இரண்டு விநாடி எடுத்து மெதுவாக இறங்குங்கள். முழங்கால் உள்பக்கம் சாயாமல், கால்விரல் பார்க்கும் திசையிலேயே இருக்கட்டும். வீட்டில் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி 30 விநாடி நில்லுங்கள், மூன்று முறை. வாரம் மூன்று நாள் செய்து, மெல்ல 90 விநாடிக்குக் கொண்டுபோங்கள்.

உடுப்பு

பழைய உடுப்பு விற்கும் பண்டல் கடைகளில் ஜப்பான் பனி ஜாக்கெட் மலிவாகக் கிடைக்கும். வாங்கும் முன் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பூச்சு பிசுபிசுத்தாலோ செதிலாக உதிர்ந்தாலோ தண்ணீர் உள்ளே வரும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது.

பூட்ஸ்: இதில் அவசரம் கூடாது

அக்காவின் பழைய பூட்ஸ் ஸ்டோர் ரூமில் இருந்தால் அங்கேயே இருக்கட்டும். அலமாரியில் கிடந்த சப்பாத்தின் அடி திடீரென்று பொடியாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊர் ஈரப்பதமும் சூடும் பாலியூரிதேனை அப்படித்தான் அரிக்கின்றன. ஸ்கீயில் (காலில் மாட்டும் சறுக்குப்பலகை) பொருத்தும் பல பூட்ஸின் ஓடும் அதே பொருள்தான். வெளியே பளபளவென்று இருந்துவிட்டு, சரிவின் நடுவில் பிளந்துகொள்ளும். இருவருமே வாடகைக்கு எடுங்கள்.

அளவு சென்டிமீட்டரில் சொல்லப்படும். பாதம் 26 செ.மீ. என்றால் பூட்ஸும் 26. மெல்லிய நீளக் காலுறை ஒன்று மட்டும். இரண்டு போட்டால் கால் உள்ளே நழுவும், ரத்த ஓட்டமும் குறையும். நேராக நின்றால் விரல்நுனி முன்பக்கத்தைத் தொட வேண்டும்; முழங்காலை மடக்கினால் சற்று விலக வேண்டும். குதிகால் தூக்கினால் எழவே கூடாது. "லூசாக இருந்தால் சுகம்" என்று பெரிய அளவு கேட்பதுதான் வழக்கமான தப்பு. பூட்ஸ் திரும்பாமல் கால் மட்டும் உள்ளே திரும்பும்.

வாடகைக் கவுண்டரில் எடை, உயரம், வயது, திறமை கேட்பார்கள். பூட்ஸ் அடிநீளத்தோடு இவற்றையும் சேர்த்துத்தான், விழும்போது பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பூட்டு) எந்த அழுத்தத்தில் கழல வேண்டும் என்று அமைக்கிறார்கள். கூச்சப்பட்டு எடையை மாற்றிச் சொல்லாதீர்கள். அக்காவும் தன்னைத் தொடக்கநிலை என்றே சொல்லட்டும்.

1990களுக்கு முந்தைய ஸ்கீ பெரும்பாலும் 190 செ.மீ. தாண்டும். இப்போதையது இடை ஒடுங்கியது, நீளம் குறைவு. முதல் நாளுக்கு, நாடிக்கும் மூக்குக்கும் நடுவில் நிற்கும் உயரம் போதும். கால்களை ஒட்டவைத்துச் சறுக்கிய பழக்கத்தையும் விட வேண்டும். இந்த ஸ்கீக்குக் கால்கள் இடுப்பகலம் விலகியிருக்க வேண்டும்.

முதல் நாள்

டோக்கியோவிலிருந்து காலா யுசாவா பனிச்சறுக்குத் தளத்துக்கு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் சுமார் ஒன்றேகால் மணி நேரம். வாடகைக் கவுண்டரும் ஸ்டேஷன் கட்டடத்திலேயே இருக்கிறது. ஜப்பானில் பச்சை எளிய சரிவு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம்.

தம்பியை வகுப்பில் சேர்த்துவிடுங்கள். அக்கா கற்றுக்கொடுக்க வேண்டாம். அக்கா கேட்டால், பயந்து நடுங்கினாலும் "சரிக்கா" என்று தலையாட்டிவிடுவார். முன்பின் தெரியாத பயிற்சியாளரிடம் பயத்தைச் சொல்வது சுலபம்.

ஒரு காலில் மட்டும் ஸ்கீ மாட்டிச் சமதளத்தில் நடப்பதில் தொடங்குவார்கள். பிறகு வேகம் குறைக்கும் ஆப்பு வடிவம்: முனைகளுக்கு இடையே ஒரு கையகலம், குதிகால்கள் வெளியே. முன்கால் எலும்பு பூட்ஸின் நாக்கை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பயம் வந்தால் உடம்பு தானாகப் பின்னால் சாயும். எடை ஸ்கீயின் வாலுக்குப் போனதும் முனை பிடிமானம் இழந்து, ஸ்கீ திரும்ப மறுத்து, இன்னும் வேகமாக ஓடும். பள்ளத்தில் கிடக்கும் எதையோ எட்டி எடுப்பதுபோல் கைகள் முன்னே இருந்தால் இது சரியாகும். இடது காலை அழுத்தினால் வலப்பக்கம் திரும்பும்.

விழுந்தால் பக்கவாட்டில், இடுப்பு படும்படி விழுங்கள். கையில் உள்ள கோல்களை விட்டுவிடுங்கள், பிடித்தபடி விழுந்தால் கட்டைவிரல் தசைநார் கிழியக்கூடும். சறுக்கல் முழுதாக ஓயும்வரை எழப் பார்க்காதீர்கள், முழங்கால் முறுகும். ஓய்ந்தபின் ஸ்கீகளைப் பள்ளத்துப் பக்கம், சரிவுக்குக் குறுக்கே வைத்து எழுங்கள். எழும்போது வழுக்கினால் அந்தக் குறுக்குக்கோணம் தப்பு.

தம்பி வகுப்பில் இருக்கும் நேரம் முழுவதும் அக்கா பக்கத்துப் பச்சைச் சரிவிலேயே இருக்கட்டும். தொடை நடுங்கத் தொடங்கினால் அன்றைய கணக்கு முடிந்தது. "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" வேண்டாம்.

முன்னால், கீழே போகிறவருக்கே வழி. ஓய்வெடுக்கச் சரிவின் ஓரத்துக்கு வாருங்கள். மேட்டுக்கு அடியில் நின்றால் மேலிருந்து வருபவருக்குத் தெரியாது.

இருவரும் சேர்ந்து பெரிய லிஃப்டில் ஏறுமுன், ஓர் இடத்தைக் காட்டி அங்கே நிற்கச் சொல்லுங்கள். தம்பி தொடர்ந்து ஐந்து முறை சரியாக நின்றுவிட்டால் ஏறலாம். மேலே பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று வாயால் பேசிவைத்துக்கொள்ளுங்கள். குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும். போனை உள்பாக்கெட்டில், உடம்புச் சூட்டோடு வைத்திருங்கள்.