புறக்கோள்கள் பால்வீதியில் எங்கே இருக்கின்றன? ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் நாமே பார்க்கலாம்

"இதுவரை கண்டுபிடித்த கோள்கள் எல்லாமே பால்வீதியின் வாழத்தகு வளையத்துக்குள்தான் இருக்கின்றன, பாருங்கள்!" என்று வாட்ஸ்அப் குழு ஒன்றில் படம் வந்தது. புறக்கோள்களைப் பற்றிய பேச்சு அது, அதாவது சூரியனை அல்லாமல் வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நானே கணக்குப் போட்டேன். அரை மணி நேர வேலைதான், ஆனால் எனக்கு ஒன்றரை நாள் பிடித்தது. காரணம் படி 3-இல் இருக்கிறது.

வளையம் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பால்வீதியின் மையத்துக்குப் பக்கத்தில் நட்சத்திர நெரிசல் அதிகம், சூப்பர்நோவா வெடிப்புகளும் அதிகம். விளிம்புக்குப் போனால் பாறைக்கோள் உருவாகத் தேவையான இரும்பும் சிலிக்கானும் குறைவு. இரண்டுக்கும் நடுவில்தான் உயிருக்குத் தோதான இடம் என்பது வாதம். 2004-இல் லைன்வீவர், ஃபென்னர், கிப்சன் என்ற வானியலாளர்கள் மூவரும் அந்த வளையத்தை மையத்திலிருந்து 7 முதல் 9 கிலோபார்செக் வரை என்று வரைந்தார்கள். ஒரு பார்செக் என்பது 3.26 ஒளியாண்டு. நம் சூரியன் இருப்பது ஏறக்குறைய 8.2 கிலோபார்செக்கில், அதாவது வளையத்துக்குள்ளேயே.

படி 1: பட்டியலை இறக்குங்கள்

நாசா எக்சோபிளானட் ஆர்க்கைவ் தளத்தில் 6000-க்கும் மேற்பட்ட கோள்களின் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 'காம்போசிட்' என்ற பெயருள்ள அட்டவணையை எடுங்கள். மற்றதில் ஒரே கோள் ஆய்வுக்கு ஒரு வரி வீதம் பல தடவை வரும், எண்ணிக்கை வீங்கிவிடும். தூரம், பால்வீதித் தீர்க்கரேகை (மையத்தின் திசையை 0 என்று வைத்து, நம்மிடமிருந்து பால்வீதித் தளத்தில் அளக்கும் கோணம்), பால்வீதி அட்சரேகை (அந்தத் தளத்துக்கு மேலோ கீழோ உள்ள கோணம்), நட்சத்திரத்தின் உலோகச் செறிவு (இரும்பு மாதிரியான கனமான தனிமங்களின் அளவு) ஆகிய நான்கு பத்திகளும் கோளின் பெயரும் போதும். சிஎஸ்வி கோப்பாக இறக்குங்கள்.

படி 2: கோப்பைத் திறவுங்கள்

நான் லிப்ரே ஆபிஸ் கால்க் ஆள். கூகுள் ஷீட்ஸிலும் செய்யலாம், ஆனால் என் பழைய மடிக்கணினியில் அது மூச்சு வாங்குகிறது. பைத்தான் தெரிந்தவர்கள் இதைப் படிக்கவே தேவையில்லை. கோப்பின் தொடக்கத்தில் # குறியோடு வரும் விளக்க வரிகளை அழித்துவிடுங்கள்.

படி 3: மையத்திலிருந்து தூரம்

நமக்குத் தெரிந்தது பூமியிலிருந்து தூரம். தேவைப்படுவது மையத்திலிருந்து தூரம். பள்ளியில் படித்த கொசைன் விதிதான்:

கிடைத்தூரம் = தூரம் × காஸ்(அட்சரேகை)

மையத்தூரம் = √(8200² + கிடைத்தூரம்² − 2 × 8200 × கிடைத்தூரம் × காஸ்(தீர்க்கரேகை))

எல்லாம் பார்செக்கில். ஒளியாண்டைக் கலந்துவிடாதீர்கள்.

இங்கேதான் நான் விழுந்தேன். ஸ்ப்ரெட்ஷீட்டின் காஸ் ஃபங்ஷனுக்கு டிகிரி தெரியாது, கொடுக்கும் எண்ணை ரேடியன் என்றே எடுத்துக்கொள்ளும். இது எனக்கும் தெரியும், ஆனால் மறந்துவிட்டேன். சோதனை பண்ணாமலும் இல்லை. தூரம் 8200, இரண்டு கோணமும் 0 என்று போட்டேன், விடை 0 வந்தது. பால்வீதி மையமே வந்துவிட்டதே என்று சந்தோஷமாக மேலே போனேன். பூஜ்யம் டிகிரியானாலும் ரேடியனானாலும் பூஜ்யம்தான் என்பது அப்போது உறைக்கவில்லை!

பக்கத்து நட்சத்திரங்களிலும் தவறு தெரியாது. டிராப்பிஸ்ட்-1 சுமார் 12 பார்செக் தூரத்தில்தான் இருக்கிறது. கோணம் எவ்வளவு தப்பினாலும் விடை 8200-க்குப் பக்கத்திலேயே நிற்கும். கடைசியில் காட்டிக்கொடுத்தது ஸ்வீப்ஸ்-11. ஹப்பிள் தொலைநோக்கி பால்வீதியின் மையப் புடைப்பில் கண்டுபிடித்த கோள் அது. மையத்தை ஒட்டி வரவேண்டியது 12,000-க்கும் மேலே போய் உட்கார்ந்திருந்தது.

ஆகவே இரண்டு கோணங்களையும் முதலில் ரேடியன்ஸ் ஃபங்ஷனுக்குள் போட்டு, அதைக் காஸுக்குள் கொடுங்கள். சோதனைக்குத் தூரம் 1000, தீர்க்கரேகை 180, அட்சரேகை 0 என்று வையுங்கள். 9200 வந்தால் சரி. 8835 என்று வந்தால் நீங்களும் என் கட்சி.

படி 4: வரைபடம்

மையத்தூரத்தை 250 பார்செக் இடைவெளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை கோள் என்று காட்டும் தூண் வரைபடம் (ஹிஸ்டோகிராம்) போடுங்கள். 8000-ஐச் சுற்றி ஒரு கோபுரம் எழும். 7000-க்கும் 9000-க்கும் வெளியே கொஞ்சம்தான். வாட்ஸ்அப் படம் சரிதானே?

இல்லை. வரைபடத்தை மூடிவிட்டு, பூமியிலிருந்து தூரம் என்ற பத்தியை மட்டும் வரிசைப்படுத்திப் பாருங்கள். பெரும்பாலானவை சில ஆயிரம் ஒளியாண்டுக்குள் அடங்கிவிடும். கோள் குறுக்கே போகும்போது நட்சத்திரம் மங்குவதையோ, கோளின் இழுப்பில் அது ஆடுவதையோ வைத்துத்தான் பெரும்பாலான கோள்களைப் பிடிக்கிறோம், அதற்கு வெளிச்சம் வேண்டும். அதிலும் கெப்ளர் தொலைநோக்கி முதல் நான்கு ஆண்டுகள் பார்த்தது தீர்க்கரேகை 76 டிகிரியை ஒட்டிய ஒரே திசை, மையத்துக்குக் கிட்டத்தட்டப் பக்கவாட்டில். அந்தத் திசையில் 1000 பார்செக் போனாலும் மையத்தூரம் 8200-லிருந்து 8020 வரைதான் குறையும். நம்பாவிட்டால் உங்கள் அட்டவணையிலேயே போட்டுப் பாருங்கள் (அட்சரேகை 13.5). தெருவிளக்குக்குக் கீழே சாவியைத் தேடிவிட்டு, சாவிகள் விளக்கடியில்தான் விழும் என்று சொல்வது மாதிரி இது.

மையத்தின் பக்கம் தனியாக நிற்கும் புள்ளிகளில் பல ஈர்ப்பு வில்லை முறையில் கிடைத்தவை, அதாவது முன்னால் உள்ள நட்சத்திரத்தின் ஈர்ப்பு பின்னால் உள்ளதன் ஒளியை வளைத்துப் பெருக்குவதை வைத்துப் பிடித்தவை. அவற்றில் பலவற்றின் பெயரில் ஓகிள் (கண்டுபிடித்த ஆய்வுத் திட்டத்தின் பெயர்) என்று வரும். அவற்றின் தூரத்தில் பிழை அதிகம் என்பதால் வேறு நிறம் கொடுங்கள்.

படி 5: உலோகச் செறிவு (விருப்பப்பட்டால்)

இது மடக்கை அளவு. 0 என்றால் சூரியன் அளவு, −0.3 என்றால் பாதி. உலோகம் மிகுந்த நட்சத்திரங்களுக்கு வியாழன் மாதிரி பெரிய கோள்கள் அதிகம், அது உறுதியான விஷயம். சின்னக் கோள்களுக்கு அந்தக் கட்டாயம் அவ்வளவு இல்லை. கெப்ளர்-444 என்ற நட்சத்திரத்தைத் தேடிப் பாருங்கள்: வயது சுமார் 1,120 கோடி ஆண்டு, செறிவு −0.55, இருந்தும் பூமியைவிடச் சிறிய ஐந்து கோள்கள். வளையத்தின் வெளி எல்லையை நான் அதிகம் நம்பாததற்கு இதுதான் காரணம். உள் எல்லையும் கல்லில் எழுதியது இல்லை. 2011-இல் கோவன்லாக் என்ற ஆய்வாளரின் குழு உருவாக்கிய கணினி மாதிரி, சூப்பர்நோவாக்களைக் கணக்கில் சேர்த்த பிறகும், வாழத்தகு கோள்கள் உள்பகுதியில்தான் அதிகம் என்றது.

பின்சேர்க்கை: 8200-இல் மட்டும் ஊசி மாதிரி ஒரு தூண் வருகிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சில கோள்களுக்குத் தூரமே தரப்படவில்லை. வெற்றுக் கட்டத்தை ஸ்ப்ரெட்ஷீட் 0 என்று எடுத்து, அந்தக் கோள்களையெல்லாம் சூரியன் தலையிலேயே கட்டிவிடுகிறது. என் பழைய வரைபடத்திலும் அந்தத் தூண் இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. படி 3-க்கு முன்னால் தூரம் இல்லாத வரிகளை வடிகட்டி நீக்கிவிடுங்கள்.