பே ஸ்லிப் படிப்பது எப்படி? கைக்கு வரும் சம்பளத்தை நீங்களே கணக்குப் போடுங்கள்

ஆஃபர் லெட்டரில் மாதம் 22,319 ரூபாய். பேங்க்கில் விழுந்தது 17,793. இரண்டுமே சரியான தொகையாக இருக்கலாம். ஸ்லிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் போட்டுப் பாருங்கள்.

1. முதலில் நாள் கணக்கு. பிடித்தத்தைப் பார்க்கும் முன் சம்பள நாட்கள் எத்தனை என்று பாருங்கள். எடுத்த லீவு அப்ரூவ் ஆகாமல் கிடந்தால் அது 'லாஸ் ஆஃப் பே' (சம்பளம் இல்லாத லீவு) ஆகிவிடும். 30 நாளில் 2 நாள் அப்படிப் போனால் பேசிக் (அடிப்படைச் சம்பளம்), எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படி) எல்லாமே 28/30 ஆகச் சுருங்கும், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தமும் கூடவே குறையும். சில கம்பெனிகள் 26-ஆல் வகுக்கும். உங்கள் கம்பெனியில் எது என்று எச்.ஆரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. கிராஸ், அதாவது பிடித்தத்துக்கு முந்தைய மொத்தச் சம்பளம். நம் உதாரணத்தில் பேசிக் 13,000, எச்.ஆர்.ஏ. 6,500. மொத்தம் 19,500.

3. பி.எஃப். பேசிக்கும் டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்ந்த தொகையில் 12%. 13,000-க்கு 1,560. பேசிக் 15,000-ஐத் தாண்டியவர்களுக்கு 1,800 மட்டும் பிடிக்கும் கம்பெனிகளும் உண்டு.

4. இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீடு. கிராஸ் 21,000 வரை உள்ளவர்களுக்கு 0.75%. 19,500-க்கு 146.25 வரும்; பைசாவை மேல்நோக்கி ரூபாயாக்குவதால் 147. நடுவில் சம்பளம் உயர்ந்து 21,000-ஐத் தாண்டினாலும், ஏப்ரல்–செப்டம்பர் அல்லது அக்டோபர்–மார்ச் கட்டம் முடியும்வரை பிடிப்பார்கள். தப்பில்லை, சிகிச்சை வசதியும் தொடரும்.

19,500-இல் 1,707 போக 17,793. கணக்கு நேராகிவிட்டது.

5. மற்றவை. தமிழ்நாட்டில் தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை, அதிகபட்சம் 1,250 ரூபாய். திடீரென ஒரு மாதம் மட்டும் சம்பளம் குறைந்தால் முதலில் இந்த வரியைத் தேடுங்கள். ஆண்டு வருமானம் வரி கட்டும் அளவுக்கு வந்தால், சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி (டி.டி.எஸ்.) ஸ்லிப்பில் தனியாக இருக்கும். வருட நடுவில் வேலை மாறியவர்கள் பழைய சம்பளத்தைப் புது கம்பெனியிடம் சொல்லாவிட்டால், வருமான வரி ரிட்டர்ன் போடும்போது விடுபட்ட வரியை மொத்தமாகக் கட்ட வேண்டிவரும்.

6. அந்த 22,319? கிராஸுடன் கம்பெனியின் பி.எஃப். பங்கு 1,560, இ.எஸ்.ஐ. 3.25% ஆக 634, கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) ஒதுக்கும் 625 எல்லாம் சேர்ந்தது அது. கம்பெனி பங்கு உங்கள் வருமானப் பக்கத்தில் ஏறாமல் பிடித்தப் பக்கத்தில் மட்டும் இருந்தால் விடாதீர்கள், உடனே கேளுங்கள். அதை உங்கள் சம்பளத்திலிருந்து எடுக்கச் சட்டத்தில் இடமில்லை.

7. பணம் போய்ச் சேர்ந்ததா? இதைத்தான் பலர் பார்ப்பதே இல்லை. ஸ்லிப்பில் பிடித்தம் காட்டுவது வேறு, கணக்கில் கட்டுவது வேறு. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கம்பெனி கட்ட வேண்டும். அதன்பின் சில நாள் கழித்து, உங்கள் பி.எஃப். கணக்குக்கான 12 இலக்க யு.ஏ.என். எண்ணால் இ.பி.எஃப்.ஓ. (பி.எஃப். நிறுவனம்) பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். உங்கள் பங்கு 1,560, கம்பெனி பங்கு 477, பென்ஷன் 1,083 என்று இருக்கும். 477-ஐப் பார்த்துப் பதற வேண்டாம். கம்பெனியின் 1,560-இலிருந்து, பேசிக்கில் 8.33% ஆன 1,083 பென்ஷனுக்குப் பிரிந்துவிட்டது. ஒன்றுமே ஏறவில்லையென்றால் ஸ்லிப்பை இணைத்து எச்.ஆருக்கு மெயில் போடுங்கள். பதில் வராவிட்டால் இ.பி.எஃப்.ஓ.வின் குறைதீர்ப்புத் தளத்தில் அதே ஸ்லிப்போடு புகார் பதியலாம். அதனால் ஒவ்வொரு மாத ஸ்லிப்பையும் இறக்கி, ஆபீஸ் மெயிலில் விட்டுவிடாமல் உங்கள் சொந்த மெயிலில் சேமித்து வையுங்கள்.