சிபிடிஎஸ்டியா, பிபிடியா? பெயர் வைப்பதில் நடக்கும் தவறுகள்

சின்ன வயதில் அடி, வசவு, பாலியல் தொல்லை என்று ஏதாவது நடந்திருந்தால் அது சிபிடிஎஸ்டி என்ற சிக்கலான மன அதிர்ச்சி நோய். அப்படி ஒன்றும் இல்லாமல் கோபமும் அழுகையுமாக இருந்தால் பிபிடி என்ற எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு. இப்படி ஒரு வாய்ப்பாடு ஊரெல்லாம் சுற்றுகிறது. அதை நம்புவதுதான் முதல் தவறு.

பிபிடி 1980 முதல் அமெரிக்க மனநலக் கையேடான டிஎஸ்எம்-இல் இருக்கிறது. ஒன்பது அடையாளங்களில் குறைந்தது ஐந்து இருந்தால் அந்தப் பெயர். கொடுமை நடந்திருக்க வேண்டும் என்றோ நடந்திருக்கக் கூடாது என்றோ அந்த ஒன்பதில் எதுவும் சொல்லவில்லை. பிபிடி உள்ளவர்களில் பலர் சிறு வயதில் அடிபட்டு வளர்ந்தவர்களே. சிபிடிஎஸ்டி என்பது, தப்பிக்க வழியில்லாமல் நெடுநாள் பட்ட கொடுமை மனதில் விட்டுச்செல்லும் நோய். இதைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று 1992-இல் சொன்னவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில்தான் அதற்குத் தனி இடம் கிடைத்தது. அந்தப் பட்டியல் நடைமுறைக்கு வந்ததே 2022 ஜனவரியில். டிஎஸ்எம்-இல் இன்றுவரை அது தனி நோயாக இல்லை. ஆகவே டாக்டர் கையில் எந்தப் புத்தகம் என்பதைப் பொறுத்தே சீட்டில் எழுதும் பெயர் மாறலாம். அதை வைத்து டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

சரி, பிறகு எதை வைத்துப் பிரிப்பது? என்ன நடந்தது என்பதோடு, இப்போது எதற்குப் பயம் என்றும் கேட்க வேண்டும்.

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது முன் சீட்டுக்காரரிடமிருந்து சாராய வாடை வருகிறது. பின்னால் இருக்கும் பெண்ணுக்குக் கை சில்லிட்டுவிடுகிறது. அவள் இப்போது பஸ்ஸில் இல்லை. எட்டு வயதில், அப்பா கதவை உதைக்கும் அந்த வீட்டில் இருக்கிறாள். நினைத்துப் பார்ப்பது வேறு, மறுபடி அங்கேயே நிற்பது வேறு. அடுத்த வாரத்திலிருந்து பஸ்ஸையே தவிர்க்கிறாள். வீட்டில் யாராவது கதவை வேகமாகச் சாத்தினால் துள்ளி எழுகிறாள். திரும்ப அனுபவிப்பது, தவிர்ப்பது, எப்போதும் ஆபத்து என்ற உஷார்நிலை: இந்த மூன்றும் இல்லாமல் சிபிடிஎஸ்டி இல்லை. இவற்றின் மேல், உணர்ச்சியை அடக்க முடியாமை, ‘நான் எதற்கும் லாயக்கில்லாதவள்’ என்ற தீராத எண்ணம், யாரோடும் நெருங்க முடியாமை ஆகிய மூன்றும் சேர வேண்டும்.

அதே மலைப்பாதையில் இன்னொரு கதை. காதலன் நண்பர்களோடு ஏற்காடு போகிறான். வழியில் சிக்னல் போய்விடுகிறது. சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் அவனுடைய காதலி மறுபடி மறுபடி கூப்பிடுகிறாள். ‘என்னைக் கழட்டிவிட்டுட்டே இல்ல?’ என்று மெசேஜ், அப்புறம் திட்டு, அப்புறம் கையில் பிளேடு. மேலே போய் அவன் பேசியதும், ‘நீ இல்லாம நான் இல்லைடா’ என்று உருகுகிறாள். காலையில் தெய்வமாக இருந்தவன் மதியம் துரோகி, மாலையில் மறுபடி தெய்வம். விட்டுப்போய்விடுவார்கள் என்ற பயமும், ஆளுக்கு ஆள் நாளுக்கு நாள் மாறும் ‘நான் யார்’ என்ற குழப்பமும் பிபிடியின் உயிர்நாடி. முதல் பெண்ணுக்குத் தன்னைப் பற்றிய எண்ணம் மாறுவதில்லை, கெட்டதாகவே நிலைத்திருக்கிறது. அவள் பொதுவாக ஆட்களை விட்டு ஒதுங்குவாள். இரண்டாமவள் ஒட்டுவாள், வெட்டுவாள், மறுபடி ஒட்டுவாள்.

நேரில் இவ்வளவு சுத்தமாகப் பிரியாது. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். ஆகவே ‘இதுவா அதுவா, ஒன்றைச் சொல்லுங்கள்’ என்று டாக்டரை நெருக்குவதும் தவறுதான். கையில் வெட்டுத் தழும்பு இருந்தால் பிபிடி, பெண் என்றால் பிபிடி, ஆண் என்றால் வெறும் குடி என்று பார்ப்பதெல்லாம் அதைவிட மோசம். தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பிபிடியில் அதிகம், ஆனால் சிபிடிஎஸ்டியிலும் உண்டு.

எனக்கு எரிச்சலூட்டும் தவறு ஒன்று இருக்கிறது. ஓபி-யில் மாமியாரும் கணவரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொள்வார்கள். ‘எப்பவுமே இப்படித்தானுங்க டாக்டர், எதைச் சொன்னாலும் கத்துறாள்’ என்பார் மாமியார். நடுவில் இருப்பவள் வாயே திறக்கமாட்டாள். அடிப்பவரே பக்கத்தில் இருந்தால் எப்படித் திறப்பாள்? தனியாகப் பேச வேண்டும் என்று கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தையும் உரிமையாகவே சொல்கிறது. வீட்டில் அடி இன்றும் தொடர்கிறது என்றால், அவளுடைய பயத்தை நோய்க்குறி என்று எழுதுவதற்கு முன் அவள் பத்திரமாக இருக்க ஒரு இடம் பார்க்க வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181.

இன்னொரு குழப்பம் பைபோலார், அதாவது இருதுருவ மனநிலைக் கோளாறு. அதில் மனநிலை ஏறினால் நாள்கணக்கில், வாரக்கணக்கில் நிற்கும். பிபிடியில் சில மணி நேரத்தில் புரளும், பெரும்பாலும் யாரோ சொன்ன ஒரு சொல்லால். நெருக்கடி முற்றிய ஒரே நாளில் பார்த்துவிட்டு இதில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. இணையத்துக் கேள்வித்தாளில் வந்த மார்க் டாக்டரிடம் பேச்சைத் தொடங்க உதவும், அவ்வளவுதான்.

பிபிடி என்றால் குணமாகாது, சிபிடிஎஸ்டி என்றால் கௌரவமான நோய் என்ற நினைப்பும் பரவியிருக்கிறது. அதனால் சிலர் முதல் பெயரைக் கேட்டதும் டாக்டரையே மாற்றுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் பிபிடி உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு அடையாளங்கள் குறைந்திருக்கின்றன. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெகன் உருவாக்கிய டிபிடி என்ற பேச்சுச் சிகிச்சை, பொங்கி வரும் உணர்ச்சியைக் கையாளவே பழக்குகிறது. சிபிடிஎஸ்டிக்கு அந்தப் பழைய நினைவுகளையே எடுத்துப் பேசும் சிகிச்சைகள் உண்டு. பிபிடி என்று எழுதிவிட்டார்கள் என்பதற்காக அவற்றை மறுப்பது நியாயமில்லை. பிபிடிக்கென்றே தனி மாத்திரை கிடையாது. கொடுப்பவை தூக்கம், மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு. பெயர் மாறியது என்று அவற்றைத் திடீரென நிறுத்தினால் வேறு தொல்லை வரும், டாக்டரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மலையிலிருந்து இறங்க முடியாதவர்கள் 14416-க்குக் கூப்பிடலாம். அது டெலி மானஸ், காசில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். போகும்போது பெயரைத் தேடிக்கொண்டு போவதைவிட, எது நடந்தபின் மனசு புரண்டது, எவ்வளவு நேரம் நீடித்தது, அப்போது எதற்குப் பயந்தீர்கள் என்று இரண்டு வாரத்துக் குறிப்பு ஒரு நோட்டில் எழுதி எடுத்துப்போங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அந்த இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள்.