நாண் காயம்பட்ட குதிரையை மீண்டும் பழக்குதல்

முன்னங்காலின் பின்புற நாண் (தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்) கிழிந்தால், வீக்கமும் நொண்டலும் சில வாரங்களில் போய்விடும். அதை நம்பி ஏறிவிடாதீர்கள். நாண் தேற 9 முதல் 12 மாதம் ஆகும். புதிய இழைகள் முதலில் தாறுமாறாகத்தான் படியும். அளவான பாரம் அவற்றை நேராக்கும், அதிக பாரம் அறுத்துவிடும்.

கால்நடை மருத்துவர் அனுமதித்ததும் கையில் பிடித்து நடத்துங்கள். தினம் 10 நிமிடம். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி, மூன்றாம் மாதத்துக்குள் 45 நிமிடம். தரை கெட்டியாக, சமமாக இருக்கட்டும். ஆழமான மணல், சிறு வட்டம், கயிற்றில் சுற்றவிடுதல் மூன்றும் கூடாது.

தினமும் காலையில், நடத்துவதற்கு முன், காலை மடக்கித் தூக்கி நாணை இரு விரல்களுக்கிடையே மேலிருந்து கீழாக மெல்ல வருடுங்கள். மற்ற முன்னங்காலையும் அப்படியே. சூடு, தடிப்பு, தொட்டதும் காலை இழுப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் முந்தைய அளவுக்கே திரும்பி மருத்துவரிடம் காட்டுங்கள்.

லாயத்திலேயே நிற்கும் குதிரைக்குக் கொள்ளும் ஓட்ஸும் குறைத்து, உலர்புல் கொடுங்கள். தெம்பு மிஞ்சி ஒருமுறை துள்ளினால் மாதக்கணக்கான உழைப்பு வீண்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் நன்றாக இருந்தால்தான் டிராட் (மெதுவான ஓட்டம்): நேர்கோட்டில் 5 நிமிடம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 5 நிமிடம் கூட்டுங்கள். கேன்டருக்கு (அதைவிட வேகமான ஓட்டம்) முன் இன்னொரு ஸ்கேன்.