டெசராக்டைத் தமிழ் படிக்க வைத்த என் அனுபவம்

பழைய சித்த மருத்துவ நூல் ஒன்றைத் தட்டச்சு செய்யாமல் எழுத்தாக மாற்ற, உபுண்டு இயங்குதளத்தில், படத்திலுள்ள எழுத்துகளைப் படித்தறியும் டெசராக்ட் மென்பொருளை நிறுவினேன். 2005-இல் மூலநிரல் திறந்துவிடப்பட்ட இதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம். அந்த உரிமை பெரிது, உழைப்பு மட்டும் நம்முடையது. தமிழ்ப் பக்கத்தைக் கொடுத்தபோது பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வந்தன. ஏனெனில் ஆங்கிலத் தரவு மட்டுமே உடன் நிறுவப்பட்டிருந்தது. தமிழ்த் தரவுத் தொகுப்பைத் தனியே நிறுவி, கட்டளையில் மொழியையும் குறிப்பிட்டதும் சொற்கள் தெளிவாக வந்தன. இரண்டு பத்திகளாக அச்சான பக்கங்களில் இடப்பக்க வரி வலப்பக்க வரியோடு ஒட்டிக்கொண்டது. பக்கங்களை 300 டிபிஐ-இல் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) மீண்டும் ஸ்கேன் செய்து, பத்திகளைத் தனித்தனிப் படங்களாக வெட்டி, பக்க அமைப்பு முறையை 6 (படம் முழுவதையும் ஒரே சீரான எழுத்துத் தொகுதியாகப் படிக்கும் முறை) என வைத்தபின் அதுவும் சரியானது. 1978 தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை வடிவங்களை மட்டும் இன்னும் கையால் திருத்தி வருகிறேன்.